சார் படித்த இரண்டு புத்தகங்கள்

யேசுதாஸ் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகச் சரித்திரம் நடத்துகிறவர். அவருடைய அம்மா மரியம்மாள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகு, பார்த்துக்கொள்ள சிம்ரன் என்ற பெண்ணை வைத்தார். தாமல் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவாள். சாயங்காலத்தில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வேலை பார்க்க இங்கிருந்து ஆள் எடுக்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார்கள். காபி கொண்டுவந்து வைத்த சிம்ரன் அங்கேயே நின்றாள்.

"சார், ஜப்பான் சரித்திரம் ஒண்ணுமே தெரியாதவங்க படிக்கிற மாதிரி நல்ல புத்தகம் ஏதாச்சும் சொல்றீங்களா?"

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் யேசுதாஸ்.

"நான் பாத்துக்கப்போறவங்களுக்கு எண்பது, தொண்ணூறு வயசு இருக்கும் சார். சின்ன வயசுல சண்டையெல்லாம் பாத்துக்கினு வந்தவங்க. அவங்க எதைத் தாண்டி வந்தாங்கன்னு தெரியாம வெறும் சோறு ஊட்டறது நல்லா இருக்காது சார்."

வந்திருந்தவர்கள் இருவரும் யேசுதாஸைப் பார்த்தார்கள். ஜப்பானைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் பாடத்திட்டத்தில் இருந்த ஒரே ஒரு பகுதி. அதற்கும் தான் மாணவனாக இருந்தபோது எழுதிக்கொண்ட குறிப்பையே இன்றுவரை வாசித்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அவரோ ஒரு தாளை எடுத்தார். ஏதோ கருத்தரங்கில் காதில் விழுந்த ஒரு தலைப்பையும், நண்பர் வீட்டு அலமாரியில் முதுகு மட்டும் பார்த்த இன்னொரு தலைப்பையும் எழுதினார்.

"ரெண்டும் நான் ரெண்டு தடவ படிச்சது. தைரியமா வாங்கு."

முதல் புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. இரண்டாவது, அட்டை போன பழைய பிரதியாகத் தபாலில் வந்தது. மதியம் மரியம்மாள் கண்ணயர்ந்ததும் சிம்ரன் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். கையில் பென்சில், மடியில் போன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகப் பார்த்து ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வாள். சந்தேகம் கேட்க வந்தால், "முழுசா முடி, அப்புறம் பேசலாம்" என்பார் யேசுதாஸ். பிறகு அம்மாவின் அறைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துச் சென்னையில் நேர்காணல் நடந்தது. மறுநாள் காலை வழக்கம்போல வந்தவள், மரியம்மாளுக்கு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த இல்லத்தை நடத்துற அம்மா திரையில வந்தாங்க சார். எங்க நாட்டைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டாங்க. அந்தப் புத்தகத்துல ஒரு ராணி கோட்டைக் கதவைக் கொளுத்திட்டு ஊர் ஜனங்களைத் தப்பிக்க வெச்சாங்களே, அதைச் சொன்னேன். அப்படி ஒரு கோட்டையே கிடையாதாம் சார். அது நாவலாம்."

யேசுதாஸ் கையிலிருந்த செய்தித்தாளை மடக்கவில்லை.

"அவங்க சிரிக்கல சார். சிரிச்சிருந்தா பரவாயில்ல. இந்தத் தடவ எடுக்கல, ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க." அவள் தட்டைத் துடைத்தாள். "நீங்க அன்னிக்கே கதைப் புத்தகம்னு சொல்லியிருப்பீங்க. நான்தான் சரியா காதுல வாங்கல போலிருக்குது."

"ஆமா," என்றார் யேசுதாஸ். "சொன்ன ஞாபகம்."

கட்டிலில் இருந்த மரியம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அதே அறையில்தான் இருந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாரக் கடைசியில் யேசுதாஸ் நூலகத்துக்குப் போனார். ஜப்பான் என்று அங்கே இருந்தது சமையலும் சுற்றுலாவும்தான். கடைசியில் சென்னையில் கிழக்காசிய வரலாறு நடத்தும் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதினார். 'என் மாணவிக்கு' என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, 'எனக்கு' என்று மாற்றினார். வந்த பதிலில் நான்கு பெயர்கள் இருந்தன. எதை முதலில் படிப்பது, எதில் வரைபடம் உண்டு, எது அரசர்களோடு நின்றுவிடாமல் குடியானவர்களையும் நெசவுப் பெண்களையும் பேசுகிறது என்றெல்லாம் பொறுமையாக எழுதியிருந்தார். முதலாவதை வாங்கிப் படிக்கத் தொடங்கினார் யேசுதாஸ். பாதி வருவதற்குள், தான் பத்தொன்பது வருடமாக வாசித்துக் காட்டிய குறிப்பில் மூன்று தவறுகள் தெரிந்தன.

புத்தகத்தோடு அம்மாவின் அறைக்குப் போனபோது சிம்ரன் மரியம்மாளுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சிம்ரன், அந்த ரெண்டு புத்தகத்தையும் நான் படிச்சதே இல்ல. கதைன்னு உன்கிட்ட சொல்லவும் இல்ல. எனக்கே தெரியாது."

அவள் நிமிரவில்லை. அந்த விரலை முடித்து அடுத்த விரலுக்குப் போனாள்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன் சார்."

"ஆமாம்மா."

"மூணு மாசம் சார்."

அவர் புத்தகத்தை நீட்டினார். அவள் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது படிச்சீங்களா?"

"பாதி வரைக்கும். நூத்தி முப்பதாம் பக்கம்."

"சரி. அதுவரைக்கும் சந்தேகம் வந்தா கேக்கறேன்."

ஆனால் அவள் கேட்கவில்லை. அதே ஜன்னலோரம், அதே பென்சில். சந்தேகங்களை மட்டும் ஜப்பானிய வகுப்பு ஆசிரியையிடம் போனில் கேட்டுக்கொண்டாள். யேசுதாஸிடம் மருந்துச் சீட்டு, மாவு, பால் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மரியாதையில் குறை ஒன்றுமில்லை.

இரண்டாம் முறை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியை அவள் மரியம்மாளுக்குத்தான் போன் போட்டுச் சொன்னாள். கல்லூரியிலிருந்து வந்த யேசுதாஸ் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்:

"நம்ம சிம்ரனுக்கு வேலை கிடைச்சிடுச்சுடா."

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னாளாம்மா?"

மரியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லப்பா," என்றாள்.