ஃபில்டரை எடுங்க தம்பி

தி. நகரில் உஸ்மான் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் வெள்ளைச்சாமி அண்ணாச்சியின் சீருடைக் கடையில் ஆரோக்கியமேரி ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு அளவெடுப்பதும், எடுத்த அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவள் வேலை. முதல் ஆறு வருடம் நோட்டில்தான் எழுதினாள். அண்ணாச்சி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டபோது கடையில் எல்லோரும் அதைத் தொடப் பயந்தார்கள். அவள்தான் துணிந்து உட்கார்ந்தாள்.

வீடு பெரும்பாக்கத்தில். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரம் இருந்த வீட்டை இடித்துவிட்டு அங்கே கொண்டுபோய்க் குடிவைத்திருந்தார்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அவ்வளவு நேரமும் பஸ்ஸில் போனைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் ஷீட்டில் எதை எப்படிச் செய்வது என்று தமிழில் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒருநாள் கூட அவளை யாரும் அதற்காகப் பாராட்டியதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அண்ணாச்சியின் அக்கா மகன் அஸ்வத் கடைக்கு வந்தான். பி.காம். முடித்தவன். வந்த வாரமே கம்ப்யூட்டர் மேசை அவனுக்கு என்று ஆனது. மேரி தன் போனிலேயே அளவை ஏற்றி அனுப்புவாள். அதற்கு மேல் ஆகவேண்டியதை அவன் பார்த்துக்கொள்வான் என்று ஏற்பாடு.

போன ஏப்ரலில் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் எண்ணூற்று நாற்பது பிள்ளைகளுக்கு அளவெடுத்தார்கள். மூன்று நாள் குனிந்து நிமிர்ந்து மேரியின் இடுப்பு விட்டுப்போனது. சேர்க்கை எண் வரிசையில் ஆண், பெண் எல்லோரையும் கலந்து, பேண்ட் நீளத்தையும் பாவாடை நீளத்தையும் ஒரே பத்தியில் போட்டு, ஒரே ஷீட்டில் ஏற்றி, ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி காலையில் அஸ்வத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். மறுவாரம் பள்ளியிலிருந்து ஒரு புதுப் பட்டியல் வந்தது. பெண் பிள்ளைகளின் பாவாடை முட்டிக்குக் கீழே இன்னும் இரண்டு அங்குலம் இறங்க வேண்டுமாம். முந்நூற்றுத் தொண்ணூறு பெண்களுக்கும் புது நீளம் போட்டு அவர்களே அனுப்பியிருந்தார்கள்.

அஸ்வத் ஷீட்டில் ஃபில்டர் போட்டான். பையன்களின் வரிகள் மறைந்தன. பெண்கள் மட்டும் தெரிந்தார்கள். புதுப் பட்டியலை மொத்தமாகக் காப்பி எடுத்துப் பேஸ்ட் செய்யப் போனான். பின்னால் நின்ற மேரி பதறினாள்.

"தம்பி, ஃபில்டர் போட்டுக்கினு பேஸ்ட் பண்ணாத. கண்ணுக்குத் தெரியலன்னாலும் பசங்க வரி உள்ளாறதான் கீது. அதுலயும் போய் வுழும்."

"அக்கா, டேப் பிடிக்கிறது உங்க வேலை. அதைப் பாருங்க."

பேஸ்ட் செய்தான். திரையில் எண்கள் வரிசையாக நின்றன. மூடிவிட்டு டீ குடிக்கப் போனான்.

முந்நூற்றுத் தொண்ணூறு பாவாடை நீளங்களும் ஒன்றுவிடாமல் மேலேயிருந்து வரிசையாக இறங்கி, மறைந்திருந்த பையன்களின் வரிகளையும் நிரப்பியிருந்தன. ஷீட்டின் மேல்பாதியில் ஒரு பிள்ளையின் அளவும் அந்தப் பிள்ளையின் அளவாக இல்லை. கீழ்ப்பாதியில் இருந்த பெண்களுக்குப் பழைய நீளமே நின்றது. துணி வெட்டுகிற வேலு, "இன்னா நைனா, இடுப்பு முப்பது, நீளம் இருபத்தி ரெண்டா? பேண்ட்டா, டிராயரா?" என்று ஒருமுறை கேட்டார். "ஷீட்ல இருக்கிறதை வெட்டுங்க" என்றான் அஸ்வத். வெட்டினார்.

ஜூன் முதல் வாரம் கடையே சந்தையாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன் சாய்நாத், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கடை நடுவில் கூனிக் குறுகி நின்றான். அவன் அம்மா கத்திய கத்தலில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணாச்சி மருமகனைப் பார்த்தார்.

"மேரி அக்காதான் மாமா டைப் பண்ணாங்க" என்றான் அஸ்வத்.

"நான் சரியாத்தான் போட்டேன் அண்ணாச்சி. தம்பிதான் மேல பேஸ்ட்டு..."

"வாய மூடு. எம் பேரே நாறிக் கெடக்கு, இதுல நீ அவன்மேல பழி போடுதியா? மொதல்ல இந்தம்மாட்ட மன்னிப்பு கேளு."

மேரி நின்றாள். வாடிக்கையாளர்கள், தையல்காரர்கள், பில் போடும் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி எட்டி அவள் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை உருவிக் கவுண்டரில் எறிந்தார். "கேளுன்னுதேன்லா!"

"தப்பாயிடுச்சி. மன்னிச்சிக்கம்மா" என்றாள் மேரி. அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

வேலை போனது அவளை அவ்வளவாக வாட்டவில்லை. ஆழ்வார்பேட்டையில் காதர் பாய் நான்கு மெஷின் போட்டுத் தையல்கடை வைத்திருந்தார். பத்தே நாளில் அங்கே சேர்ந்துவிட்டாள். செய்யாத தப்புக்கு வாயைத் திறந்து 'மன்னிச்சிக்கம்மா' என்று தானே சொன்னதுதான் உள்ளே கிடந்து எரிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது காதில் விழும். சாப்பிடும்போது விழும்.

ஆகஸ்டில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அந்த ஷீட் அகப்பட்டது. ஏப்ரல் இருபத்திரண்டு, பதினொன்று இருபது. சாய்நாத் பேண்ட் நீளம் முப்பத்தொன்பது. அவள் ஏற்றியபடியே, யார் கையும் படாமல் இருந்தது. முதலில் அதை எடுத்துக்கொண்டு தி. நகருக்கு ஓட நினைத்தாள். பிறகு யோசித்தாள். காட்டினால் அண்ணாச்சி உச்சுக்கொட்டுவார். 'சரி விடும்மா, சின்னப்பய' என்பார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்வார். அஸ்வத்துக்கு ஒரு மயிரும் உதிராது.

அவளுக்கு அது போதாது. அவன் தன் கையாலேயே அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பத்துப் பேர் பார்க்கச் செய்ய வேண்டும். செய்துவிட்டு எங்கே தப்பு என்று தெரியாமல் முழிக்க வேண்டும். ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினாள். காதர் பாயின் வாடிக்கையாளர் அளவுகளையெல்லாம் அதில் ஏற்றினாள். காத்திருந்தாள்.

பிப்ரவரியில் அடையாறு பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. புது வருடச் சீருடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்; பெற்றோர் குழு முன்னிலையில் தேர்வு.

"நாலு மெஷினை வச்சிக்கினு எண்ணூறு புள்ளைங்களுக்கா? உனக்கு இன்னா ஆச்சு மேரி?" என்றார் காதர் பாய்.

"இன்னும் ஆறு மெஷின் வாடகைக்கு எடுக்கலாம் பாய். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கினு போ. மத்தது நான் பாத்துக்கறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சரி என்றார்.

அண்ணாச்சியும் காதர் பாயும் மட்டுமே விண்ணப்பித்திருந்தார்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மேரி பள்ளி நிர்வாக அலுவலர் ஹம்சினி மேடத்தைப் போய்ப் பார்த்தாள். "போன வருசம் தையல்ல தப்பு இல்ல மேடம், லிஸ்ட்டுலதான் தப்பு. இந்தத் தடவ ரெண்டு கடையையும் உங்க முன்னாடியே லிஸ்ட்டைத் திருத்தச் சொல்லிப் பாருங்க. ஒரு கிளாஸு போதும்." ஹம்சினி மேடத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

காலை பத்தரை மணிக்குக் கூட்டம். பெற்றோர் குழுவில் ஐந்து பேர். நடுவில் சாய்நாத்தின் அம்மா. போன வருடம் போட்ட சத்தத்தில் அவரையே குழுவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் வந்து, மேரியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஸ்வத் லேசாகச் சிரித்தான்.

நான்காம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். அதில் பதினெட்டுப் பெண்களுக்குப் புதுப் பாவாடை நீளம். ஏற்ற வேண்டும். மேசையில் பள்ளியின் கம்ப்யூட்டர், சுவரில் பெரிய திரை.

"யார் முதல்ல?" என்றார் ஹம்சினி மேடம்.

"அவங்களே செய்யட்டும் மேடம். பெரிய கடை" என்றாள் மேரி.

அஸ்வத் உட்கார்ந்தான். ஃபில்டர் போட்டான். காப்பி எடுத்தான். மேரி திரையையே பார்த்தாள். ஒருவேளை இந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டிருப்பானோ? அவன் முதல் கட்டத்தில் வைத்து பேஸ்ட் செய்தான். கற்றுக்கொண்டிருக்கவில்லை.

"முடிஞ்சுது மேடம். ஒரு நிமிஷம் கூட ஆகல."

குழுவில் ஒருவர் தலையாட்டினார். மேரி எழுந்தாள்.

"ஃபில்டரை எடுங்க தம்பி."

"எதுக்கு?"

"எடுங்களேன்" என்றார் ஹம்சினி மேடம்.

எடுத்தான். நாற்பது பேரும் திரையில் வந்தார்கள். மேரி நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "மூணாவது வரி, பையன். பேண்ட்டு நீளம் பதினேழு. நாலாவது வரி, பையன். பேண்ட்டு நீளம் பதினெட்டு. கடைசி வரி, பொண்ணு. புது அளவு வரவே இல்ல."

அஸ்வத்தின் காது சிவந்தது. "சாஃப்ட்வேர்ல ஏதோ... இருங்க மேடம், அன்டூ பண்றேன்." பழையபடி ஆக்கினான். மறுபடி ஃபில்டர், மறுபடி காப்பி. இந்த முறை மவுஸை வலப்பக்கம் அழுத்திப் பேஸ்ட் செய்தான். ஃபில்டரை எடுத்தான். மூன்றாவது வரிப் பையனுக்கு அதே பதினேழு.

"அவசரமே இல்ல தம்பி. இன்னொரு தடவ பண்ணுங்க" என்றாள் மேரி. அவள் குரல் தேனாக இருந்தது. அவன் மூன்றாவது முறையும் செய்தான். மூன்றாவது முறையும் அதுவே. குழுவில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஏசி அறையில் அவன் சட்டை முதுகில் ஒட்டியது. ஒவ்வொரு நொடியையும் மேரி கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஆறு மாதமாகப் பஸ்ஸில் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தாள். நேரில் அதைவிட நன்றாக இருந்தது.

பிறகு அவள் உட்கார்ந்தாள். ஃபில்டர் போடவில்லை. சேர்க்கை எண்ணை வைத்து, அந்தந்தப் பெண்ணின் அளவை அந்தந்த வரிக்கே இழுத்துவரும்படி ஒரு ஃபார்முலா எழுதினாள். கீழே வரை இழுத்தாள். பதினெட்டும் சரியாக உட்கார்ந்தன. பையன் ஒருவனுடைய எண்ணும் அசையவில்லை.

அதோடு விடவில்லை. போனை எடுத்துச் சாய்நாத்தின் அம்மா முன்னால் வைத்தாள். "இது போன வருசம் நான் அனுப்பின லிஸ்ட்டு. தேதி பாருங்க, நேரம் பாருங்க. உங்க பையன் நீளம் முப்பத்தி ஒம்போது. இதும்மேல இந்தத் தம்பிதான் இப்ப செஞ்ச மாதிரியே செஞ்சாரு."

அந்த அம்மா போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னேம்மா. யாரும் காதுல வாங்கல."

அண்ணாச்சி எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "ஏல அஸ்வத்து, மேரிட்ட மன்னிப்பு கேளுல."

"எங்கிட்ட வேணாம் அண்ணாச்சி" என்றாள் மேரி. "நான் யாராண்ட கேட்டனோ அவங்களாண்ட கேக்கச் சொல்லுங்க. எழுந்து நின்னு."

அஸ்வத் எழுந்து நின்றான். சாய்நாத்தின் அம்மாவைப் பார்த்துச் சொன்னான். குரல் எழும்பவில்லை. "கேக்கல தம்பி" என்றாள் மேரி. இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னான்.

ஆர்டர் காதர் பாய்க்குக் கிடைத்தது. வராந்தாவில் அண்ணாச்சி அவளை நிறுத்தினார். "மேரி, நான் செஞ்சதும் தப்புதான். கடைக்கு வந்துரும்மா. கம்ப்யூட்டர் மேச முழுக்க ஒனக்குத்தான்."

"வேணாம் அண்ணாச்சி" என்றாள். காதர் பாயோடு படியிறங்கினாள்.

மார்ச்சில் அண்ணாச்சி கடை வேலு போன் பண்ணினார். "உனக்கும் அவனுக்கும் சண்ட. எங்க மெஷினுதான் மேரி நின்னுகிச்சு. மூணு மாசத்துக்கு அந்த ஸ்கூல் வேலைய நம்பிக்கினு இருந்தோம்." அவளுக்குச் சுருக்கென்றது. இதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. காதர் பாயிடம் பேசி, துணி வெட்ட வேலுவையும், வாடகை மெஷின்களில் உட்கார அங்கிருந்த இரண்டு தையல்காரர்களையும் வரவழைத்தாள். வந்த அன்று வேலு அவளோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் பேசினார்.

ஏப்ரலில் அளவெடுக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் அஸ்வத்திடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, சாரி. அபிராமபுரத்துல ஒரு ஸ்கூல் ஆர்டர் வந்திருக்கு. அந்த ஃபார்முலா எப்படிப் போடறதுன்னு சொல்றீங்களா? மாமா திட்டிக்கிட்டே இருக்கார்.'

ஒரே வரியில் சொல்லிவிடலாம். மேரி கையைத் துடைத்துக்கொண்டு, தான் படித்துவிட்டது அவனுக்குத் தெரியவேண்டும் என்றே செய்தியைத் திறந்து படித்தாள். அவன் போனில் இரண்டு டிக்கும் நீலமாகியிருக்கும். பதில் போடாமல் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.