சால்வை போர்த்திய ரகசியம்

இதனால் நாட்டிலும் காட்டிலும் உள்ள சகல ஜீவராசிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், கள்ள வேட்டை இன்றோடு ஒழிந்தது. எப்படி என்று கேட்கும் அவசரக்காரர்களுக்காக ஒரு தொலைபேசி எண் ஏற்பாடாகியிருக்கிறது. யாராவது மானையோ மயிலையோ பிடித்து வைத்திருப்பதைக் கண்டால் அந்த எண்ணுக்குப் பேசவேண்டியது. மீதியை வனத்துறை பார்த்துக்கொள்ளும். தகவல் சொல்பவரின் பெயர் பரம ரகசியமாக வைக்கப்படும்.

இப்படி முழங்கிவிட்டு, தொலைபேசிக்குக் குறுக்கே கட்டியிருந்த ரிப்பனை அமைச்சர் வெட்டினார். கூடவே ஒயரும் வெட்டுப்பட்டதால் சேவை மறுநாள்தான் தொடங்கியது.

அந்தத் தொலைபேசியின் முன் உட்காரவைக்கப்பட்டவளை அலுவலகத்தில் எல்லோரும் போன் அக்கா என்பார்கள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாடிப்படிக்குக் கீழே, விதை மூட்டைகளுக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும். குனிந்தே பழகிக்கொண்டாள். அந்த அலுவலகத்தில் அது ஒன்றும் புது வழக்கமில்லை.

வேலை சுலபம். அழைப்பவர் சொல்வதைக் கம்ப்யூட்டரில் அடித்து, என்ன விலங்கு என்ற கட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 'பதிவு' என்ற பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தினால் ரேஞ்சருக்குப் புகார் எண் போகும். எண் கிடைத்தால்தான் வண்டி நகரும். அதே நொடியில், அழைத்தவரின் போனுக்கு அமைச்சர் கைகூப்பிய படத்துடன் ஒரு நன்றிச் செய்தியும் போகும்.

அழைப்புகள் வந்தன. குரங்கு வந்து காயப்போட்ட சட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டு நாய் முறைக்கிறது. ஒருவர், மாமியாரைப் பிடித்துப்போக வருவீர்களா என்று விசாரித்தார்.

"எந்த விலங்குன்னு போடணும் சார். யானைலேர்ந்து ஆமை வரைக்கும் இருக்கு. மாமியார் இல்லையே" என்றாள் போன் அக்கா.

ஒரு மத்தியானம் ரிசீவரை எடுத்தபோது முதலில் தண்ணீர் கொட்டும் சத்தம்தான் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் அடிக்குரலில் பேசினாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் எறும்புத்தின்னி பிடிச்சிட்டு வந்து மொட்டைமாடி டிரம்முல போட்டு மூடியிருக்காரு. செதில் வாங்க ஆள் வரும்ங்கறாரு. குட்டியும் இருக்கு போல. தாய் பந்து மாதிரி சுருண்டுகிட்டு விடவே மாட்டேங்குது."

"விலாசம் சொல்லும்மா."

சொன்னாள். பிறகு, "திருப்பிக் கூப்பிட்டுடாதீங்கக்கா. இது வீட்டுக்கே பொதுவான போன். மணி அடிச்சாலும் மெசேஜ் வந்தாலும் அந்த அண்ணன், பெரியவருதான் முதல்ல எடுப்பாரு. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா அடுத்து அந்த டிரம்முல நான்தான்" என்றாள்.

"ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது. நீ பயப்படாதே."

வாக்குக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் அடித்து முடித்து, பொத்தானை அழுத்தப்போனவளின் விரல் நின்றது. அமைச்சரின் நன்றி!

கம்ப்யூட்டர்காரரிடம் ஓடினாள். "தம்பி, இந்த ஒரு தடவை அந்த நன்றியை நிறுத்திடு."

"விளையாடறீங்களாக்கா? அதுல அமைச்சர் படம் இருக்கு. அதை நிறுத்தினா அவரையே நிறுத்தின மாதிரி. மேலேர்ந்து உத்தரவு வரணும்."

ரேஞ்சர் நல்ல மனிதர். ஆனால் அவரும் கையை விரித்தார். "புகார் நம்பர் இல்லாம வண்டியை எடுத்தா டீசல் என் தலைலதான் விடியும்."

போன் அக்கா மாடிப்படிக்குக் கீழே திரும்பி வந்து உட்கார்ந்தாள். அழுத்தினால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து. அழுத்தாவிட்டால் டிரம்முக்குள் இருக்கும் தாய்க்கும் குட்டிக்கும். பிறகு அந்தப் பெண்ணின் எண்ணை அழித்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டாள். அழுத்தினாள். கைப்பைக்குள், சீப்புக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நடுவே, அமைச்சர் கைகூப்பினார்.

வண்டி போனது. டிரம்மைத் திறந்தார்கள். தாய் செத்திருந்தது. செத்தும் சுருள் விடவில்லை. செதில்களைப் பிரித்தபோது உள்ளே வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. செத்த விலங்குகள் எத்தனையோ தூக்கிய வண்டி டிரைவர் அதைத் தன் துண்டில் வாங்கிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பெரியவரைக் கைது செய்தார்கள். குட்டி புட்டிப்பால் குடிக்கப் பழகுவதற்குள் அவர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்.

திட்டத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி. அமைச்சர் பூரித்துப்போனார், தகவல் சொன்ன குடிமகனுக்குப் பாராட்டு விழா எடுத்தே தீரவேண்டும் என்றார். வனத்துறை டைரக்டர் புகாரில் இருந்த எண்ணைத் தேடிப்பார்த்தார். போன் அக்காவுக்கு, அந்த அலுவலகத்திலேயே முதல் தடவையாக, ஏசி அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், ரகசியம்னு சொன்னோமே."

"ரகசியம்தான். அதனாலதான் மைதானத்துல வைக்காம ஹாலுக்குள்ள வைக்கிறோம்." டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன், தகவல் சொன்னது நீங்க இல்லையா? இல்லைன்னா சொல்லுங்க. அன்னைக்கு வந்த கால் எல்லாத்தையும் எடுத்து, ஆளைக் கண்டுபிடிச்சு, அவங்க வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வந்துடறோம்."

போன் அக்கா அந்தக் குழாய்ச் சத்தத்தை நினைத்துக்கொண்டாள்.

"நான்தான் சார். அந்தப் பக்கம் போனப்போ பேச்சு காதுல விழுந்துச்சு."

சால்வை போர்த்தினார்கள். கைதட்டலுக்கு வசதியாக அவள் பெயரையும் தெருவையும் மைக்கில் வாசித்தார்கள். 'ரகசியத் தகவலாளருக்குப் பாராட்டு' என்ற தலைப்பின் கீழே, மறுநாள் பேப்பரில் அவள் முகம் பளிச்சென்று வந்திருந்தது.

அவள் கணவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், பேப்பரைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "சால்வை நல்லாத்தான் இருக்கு. கதவுக்குத்தான் இன்னொரு தாழ்ப்பாள் வாங்கணும்."

"சும்மா இருங்க" என்றாள். ஆனால் கிளம்பும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

அன்று மத்தியானம் மறுபடி தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, பேப்பர் பார்த்தேன். இங்க என்மேல யாருக்கும் சந்தேகமே வரலை." அவள் அழுகிறாளா, குழாய்தானா என்று தெரியவில்லை. "ஆனா பெரியவர் உங்க படத்தை வெட்டிப் பைல வச்சிக்கிட்டு இப்பத்தான் கிளம்பினாரு. உங்க தெருப் பேரைச் சொல்லி ஆட்டோ பிடிச்சாரு. கூட ரெண்டு பேரு."

போன் அக்கா வீட்டுக்குப் பேசினாள். "உள்பக்கமா பூட்டுங்க. யார் தட்டினாலும் திறக்காதீங்க."

"ஏன், இன்னொரு சால்வையா?" என்றார் கணவர்.

"சொன்னதைச் செய்ங்க!"

போலீசுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரேஞ்சரை அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறிவிட்டார்.

"வண்டி வாசல்லயே நிக்குதுக்கா. உங்க வீட்டுக்குப் பறந்து போறேன். சட்டுனு பதிவு பண்ணி நம்பரைக் குடுங்க."

விலாசம் என்ற இடத்தில் தன் வீட்டை அடித்தாள். எந்த விலங்கு என்ற கட்டத்தைத் திறந்து, யானையிலிருந்து ஆமைவரை இறங்கினாள்.

மனிதன் இல்லை.