மிலிட்டரி கட்டிங்

படைமுகாமை மூடிவிட்டார்கள். கடைசி லாரி வெளியேறிய வாரமே ரொட்டிக்கடைக்காரர் ஓர் அடுப்பை அணைத்தார். சலவைக்கடையில் பாதிப் பேர் வேலை தேடி வெளியூர் போனார்கள். முகாம் வாசலுக்கு எதிரே சலூன் வைத்திருந்தவருக்கோ மொத்த வாடிக்கையும் லாரியில் ஏறிப் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் அவர் கடைப்பக்கம் வரமாட்டார்கள். அவருக்குத் தெரிந்தது ஒரே வெட்டு: காதோரம் ஒட்ட, உச்சியில் கொஞ்சம். யார் உட்கார்ந்தாலும் கை தானாக அதைத்தான் செய்யும். தன் கல்யாணத்துக்கு முதல்நாள் தெரியாமல் வந்து உட்கார்ந்த அவர் மச்சானை, மண்டபத்தில் பெண்வீட்டார் "எந்த ரெஜிமெண்ட்?" என்று விசாரித்தார்கள்.

ஈ ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரு மத்தியானம் மனைவி வந்தாள். சுழல்நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். இடுப்பு வரை விழுந்தது.

"வெட்டுங்க. தோள் வரைக்கும்."

"உனக்கென்ன பைத்தியமா? பொம்பளை முடியை நான் தொட்டதே இல்லை."

"தொட்டதே இல்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

அவர் முகம் சிவந்தது. "கை பழக்கதோஷத்துல ஒட்ட வெட்டிட்டா?"

"சல்யூட் அடிச்சிட்டுப் போறேன். இதைத் துவட்டித் துவட்டியே என் தோள்பட்டை விட்டுப்போச்சு. வெட்டுங்கன்னா!"

கத்திரியை எடுத்தார். இடப்பக்கம் ஏறிவிட்டது. அதைச் சரிக்கட்ட வலப்பக்கமும் ஏறியது. தோளில் நிற்க வேண்டியது கழுத்தோடு நின்றது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திறந்தபோது, அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, முடி பறந்து கன்னத்தில் விழுவதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தலையே இல்லாத மாதிரி லேசா இருக்குங்க!"

இத்தனை வருஷத்தில் ஒரு சிப்பாயும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடைத்தெருவுக்குப் போய், தேவையே இல்லாமல் ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டாள். சாயங்காலம் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி சலூன் வாசலில் நின்றாள்.

"அண்ணே, அண்ணிக்கு வெட்டினீங்களே, அதே மாதிரி..."

அவர் விழித்தார். தப்பாகப் போன வெட்டை மறுபடி எப்படி வெட்டுவது?

"முதல்ல இடப்பக்கம் ஏத்துங்க," என்றாள் அவர் மனைவி, பின்னால் நின்றபடி.

அதன்பிறகு பெஞ்சு காலியாகவே இல்லை. முகாமின் சாமான்களை ஏலம் விட்டபோது, சிப்பாய்கள் உடுப்பைச் சரிபார்த்த ஆளுயரக் கண்ணாடியைக் கணவனும் மனைவியும் எடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் மனைவியும் சலவைக்கடைப் பெண்களும் தூக்க வந்தார்கள். ரோட்டைத் தாண்டினால் கடை. ஆனாலும் நாலடிக்கு ஒருமுறை யாராவது ஒருத்தி, "கொஞ்சம் இறக்குங்கடி, என் பக்கம் திருப்புங்க," என்றாள். இருபுறமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. சலூன்காரர் நடுரோட்டில் நின்று கைகாட்டி, எல்லோரையும் காக்க வைத்தார்.