சாயபு தெருவில் வண்டி நிறுத்தத் தடை

லியாகத் அலிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சவூதியில் பதினாறு வருஷம் லாரி ஓட்டி, இரண்டு சிறுநீரகமும் கெட்டு ஊர் திரும்பியவர். காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எதிர்வீட்டுப் பஞ்சநதம் தன் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி ஏற்றிக்கொள்வார். மதியம் கொண்டுவந்து விடுவார். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் மனிதருக்கு வேறு வழியில்லை.

தெருக்கோடியில் கல்யாண மண்டபம் வந்ததிலிருந்து தொந்தரவு தொடங்கியது. முகூர்த்த நாளில் விடிவதற்குள் வேனும் காருமாக இரண்டு பக்கமும் அடைந்துவிடும். வைகாசியில் ஒருநாள் லியாகத் அலிக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் கடைத்தெருவைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. அவர் மனைவி கமருன்னிஸாவும் பஞ்சநதமும் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கார்களுக்கு நடுவே தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் கமருன்னிஸா மூன்று வீடு தள்ளியிருந்த விஜயம் டீச்சரிடம் போனாள்.

"தெருவுல ஒரு பக்கமாவது வண்டி நிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க டீச்சர். வேற ஒண்ணும் கேக்கல."

விஜயம் மனு எழுதினாள். கூடவே மண்டபத்தின் வரைபட நகலையும் வாங்கிவந்து இணைத்தாள். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு மா, அதாவது அரை ஏக்கருக்கு மேல், வண்டி நிறுத்துமிடம் என்று அதில் போட்டிருந்தது. இப்போது அங்கே வரிசையாகக் கடைகள். அந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் விஜயத்தின் மாமனாருடையது. பாதி குத்தகை வழக்கில் போனது. மீதியை அவள் பிள்ளைகள் சென்னையிலிருந்தபடியே விற்றுவிட்டார்கள்.

ஆடி மாதக் கூட்டத்தில் மனு வந்தது. நகராட்சி மன்றத்தில் ஆட்சி மாறி, சுவரில் படங்களும் மாறியிருந்தன. பார்வையாளர் பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்துக்காரர் நகராட்சித் தலைவர் செல்லதுரையின் மைத்துனர் என்பது ஊருக்கே தெரியும்.

அவர்கள் வார்டு உறுப்பினர் கோவிந்தராசு எழுந்தார். "நோயாளி இருக்கிற தெருங்க தலைவரே. பார்த்துச் செய்யணும்," என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் மனுவைப் புரட்டினார். "எழுதினது யாரு, விஜயம்மாவா? நிலம் போன வயித்தெரிச்சல் இன்னும் ஆறலை போல."

சிலர் சிரித்தார்கள். விஜயம் எழுந்துவிட்டாள்.

"வரைபடத்தைப் பாருங்க. வண்டி நிறுத்த இடம் காட்டித்தானே அனுமதி வாங்கினாங்க?"

"பார்வையாளர் பேசக்கூடாதுங்க. உக்காருங்க."

வரைபடத்தை யாரும் பிரிக்கவில்லை. எழுத்தர் தீர்மானத்தை வாசித்தார். மக்கள் கோரிக்கையை ஏற்று சாயபு தெருவில் ஆட்டோ உள்ளிட்ட வாடகை வண்டிகள் நிறுத்தத் தடை. சுபநிகழ்ச்சிகளுக்கு வரும் வண்டிகளுக்கு விலக்கு. எதிர்த்தவர் யாருமில்லை. கோவிந்தராசுவும் கை தூக்கினார்.

வெளியே வந்ததும் கமருன்னிஸா கேட்டாள்: "நாம கேட்டதைக் குடுத்துட்டாங்களா, இல்லையா டீச்சர்? எனக்குப் புரியல."

விஜயம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே பலகை நட்டார்கள். வாசலில் லியாகத் அலியை ஏற்றிக்கொண்டிருந்த பஞ்சநதத்தின் மேல் போலீஸ்காரர் இரண்டு முறை வழக்குப் போட்டார். மூன்றாவது முறை வண்டியையே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பஞ்சநதம் வந்து திண்டாடியபடி நின்றார்.

"பாய், தப்பா நினைக்காதீங்க. வீட்டு வாசல்லயே வண்டிய நிறுத்த முடியல. பொழப்பு இதுதான். ஒரத்தநாட்டுல மச்சான் வீடு காலியா இருக்கு. அங்க போயிடுறோம்."

"போங்க தம்பி. நீங்க செஞ்சது போதும்," என்றார் லியாகத் அலி.

பிறகு எந்த ஆட்டோவும் தெருவுக்குள் வரவில்லை. கமருன்னிஸா அவரைக் கடைத்தெரு வரை நடத்திக் கூட்டிப்போனாள். வீட்டுக்கு வீடு உட்காருவார். ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் நெருக்கமாக வந்தன. கார்களுக்கு இடையில் இருவர் சேர்ந்து நடக்கவும் இடமில்லை.

"முகூர்த்த நாள்ல போக வேணாம் கமரு."

"என்ன பேசுறீங்க? ஒரு நாள் விட்டாலே உடம்பு வீங்கிடுது."

"அந்த ஜனத்துக்கு நடுவுல என்னால தவழ்ந்து போக முடியாதும்மா."

அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒருநாள் சாப்பிடாமலும் கிடந்தாள். அவர் அசையவில்லை. அவள் கோவிந்தராசு வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு, "தீர்மானம் போட்டாச்சேம்மா, இனி என் கையில என்ன இருக்கு?" என்றார். அந்த மாதம் ஐந்து டயாலிசிஸ் தவறியது. புரட்டாசியில் மண்டபம் பூட்டிக் கிடந்தது. தெரு காலியாக இருந்தது. ஆனால் அவருக்கு நுரையீரல் வரை நீர் ஏறியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் லியாகத் அலி இறந்துபோனார்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் விஜயம் புது மனுவோடு வந்தாள். இந்த முறை கலெக்டருக்கு.

"கையெழுத்துப் போடுங்க கமரு. வரைபடத்தையும் வச்சிருக்கேன்."

கமருன்னிஸா தாளை வாங்கி முழுவதும் படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க போடுங்க டீச்சர். நான் யாருக்குன்னு போடுறது?"

விஜயம் தன் பெயரை மட்டும் எழுதி அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து, உரிய நடவடிக்கைக்காக மனு நகராட்சிக்கே அனுப்பப்பட்டிருப்பதாகக் கடிதம் வந்தது.