கோபித்துக்கொண்டு போன ராக்கெட்

செயற்கைக்கோளை விண்ணில் விட்டுவிட்டு, அந்த ராக்கெட் மாலைத் தேநீர் வேளைக்குள் தானாகவே திரும்பி வந்து வெல்டிங் கூடத்தின் வாசலில் நின்றது. அதற்குக் காலும் இல்லை, இறங்குவதற்கு மிச்ச எரிபொருளும் இல்லை. அதன் தொட்டிகளைப் பற்றவைத்த வெல்டரக்கா, லாரியில் ஏற்றும்போது வயிற்றில் தட்டி "போயிட்டு வா" என்று சொல்லியிருந்தார். வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கரியைத் துடைத்து மறுபடி அனுப்பினார்கள், மறுபடி வந்தது. பல ஆண்டுகளில் வாயிற்கதவை அகலப்படுத்தியதைத் தவிர அந்த ராக்கெட் நிலையத்துக்கு இதில் செலவே இல்லை. திரும்பி வரும் ராக்கெட்டுக்காகப் பணத்தைத் தண்ணீராய் இறைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய கம்பெனி, அவர் குரலைப் பதிவுசெய்துகொண்டுபோய்த் தன் ஏவுதளத்தில் ஒலிபெருக்கியில் போட்டது. அவர்களுடையது போனது; வரவில்லை. சொல்கிறவருக்கு அது வரவேண்டும் என்றும் இருக்கவேண்டும் போலிருக்கிறது.

பிறகு அண்டை நாடுகள் சேர்ந்து தங்கள் செயற்கைக்கோள்கள் அனைத்தையும் ஒரே நிலையத்திடம் ஒப்படைக்க முடிவுசெய்தன. ராக்கெட் திரும்புவதைக் கண்ணால் பார்த்தால் இங்கே கையெழுத்து; இல்லையென்றால் பெரிய கம்பெனிக்கு. அப்புறம் கூடத்தை இழுத்துப் பூட்டவேண்டியதுதான். அந்த நாடுகளின் அதிகாரிகள் பார்க்க வந்த அன்று காலை ஒரு வால்வு விடாமல் கசிந்து உயிரை வாங்கியது. ஒருவழியாக அதை அடைத்த வெல்டரக்கா, வழக்கமான இடத்தில் தட்டி, "போய்த் தொலை" என்று சொல்லிவிட்டார். லாரி ஓட்டும் அவருடைய கொழுந்தன் காதில் மட்டும் அது விழுந்தது.

செயற்கைக்கோள் சொன்ன பாதையில் சுற்றியது. தேநீர் ஆறியது. வாசல் காலியாகவே இருந்தது. பெரிய கம்பெனியின் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"வாய் சும்மா இருக்காதா அண்ணி உங்களுக்கு?" என்றான் கொழுந்தன்.

"உங்க அண்ணனையும் தினம் அப்படித்தான் சொல்றேன். அவர் வீட்டுக்கு வரலையா?"

"அண்ணனுக்குப் பழகிடுச்சு. இது சின்னப் பிள்ளை."

வெல்டரக்கா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வெளியே போய், வானத்தைப் பார்த்து, பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். "சரி, ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். வாடா."

சற்று நேரத்தில் மேகம் விலகியது. ராக்கெட் வந்து இறங்கியது. ஆனால் பெயர் எழுதிய பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டு நின்றது. பெரிய கம்பெனியின் ஆள், இதெல்லாம் எப்படி என்று கேட்டார்.

"எங்க பிள்ளைங்க. கோவிச்சுக்கிட்டுப் போகும். வீடு தெரியாமப் போயிடாது" என்றார் வெல்டரக்கா.

கையெழுத்து அங்கேயே, லாரியின் முகப்பில் வைத்துப் போடப்பட்டது. இப்போதெல்லாம் ஏவும் நாட்களில் நிலையத்தில் யாரும் கடுஞ்சொல் பேசுவதில்லை. பிற்பகலானதும் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அடுத்த தொட்டியின் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.