சொல்லும் வரைக்கும்

வெள்ளத்தாய் திரும்பி வருவாள் என்று எப்சி எதிர்பார்க்கவே இல்லை. ராஜபாளையத்து நூல் மில்லின் கேன்டீனில், மூன்று மணி ஷிப்ட் முடிந்த பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு யோகாவுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் பெல்ட்டோடு வந்து நின்றாள். "கையைக் காலை மெதுவா அசைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு டீச்சர். வந்துட்டேன்." சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எப்சிக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

நாலு மாதமாக அவளுக்கு இப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறுகிறாள், இங்கே வந்து யோகா சொல்லிக்கொடுக்கிறாள், திரும்பிப் போய் வைத்ததைச் சாப்பிடுகிறாள். சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவள் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழுதாலாவது தேவலை. அந்த அழுகையும் வந்து தொலையவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மல்லாக்கப் படுத்து இரண்டு காலையும் தூக்கச் சொல்லி, "நான் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது" என்று அதட்டிவிட்டு, போன் வந்ததென்று எப்சி வெளியே போனாள். பேச்சு நீண்டுவிட்டது. மற்ற பெண்கள் நைசாகக் காலை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். வெள்ளத்தாய் மட்டும் இறக்கவில்லை. பதினேழு வருஷமாக மேஸ்திரி சொல்லாமல் மிஷினை விட்டு நகராதவள் அவள். இடுப்பு பிடித்துக்கொண்டு மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது திட்டித் தீர்த்திருந்தால்கூட எப்சிக்கு ஆறியிருக்கும். "நீங்க சொல்லலையே டீச்சர், அதான் இருந்தேன்" என்றாள் பாவி மகள், ஏதோ இவளைச் சமாதானப்படுத்துகிறவள் போல. அந்த வார்த்தையில்தான் எப்சிக்கு மனசு மரத்துப்போனது.

"எல்லாரும் கையை மேல தூக்குங்க. எம்புட்டு முடியுதோ அம்புட்டு போதும். வலிச்சா இறக்கிருங்க, என்னையக் கேக்க வேண்டாம்."

ஒவ்வொருத்தியாக இறக்கினார்கள். வெள்ளத்தாயின் கைகள் மட்டும் மேலேயே நின்றன. முழங்கை நடுங்கியது. கண் எப்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இறக்கட்டுமா டீச்சர்?"

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. ஆனால் இன்றைக்குச் சொன்னால் நாளைக்கும் இவள் யாராவது சொல்லட்டும் என்றுதான் இருப்பாள். எப்சி எழுந்துபோய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"தெரியலையே."

"தோள்பட்டை என்ன செய்யுதுன்னு செத்த கவனிங்க."

வெள்ளத்தாய் கண்ணை மூடினாள். உள்ளே டம்ளர் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"சுள்ளுங்குது டீச்சர்."

"எப்ப இருந்து?"

"தூக்குனதுல இருந்தே."

சொல்லிவிட்டு, வேறு யாரோ சொன்னதைக் கேட்டவள் மாதிரி கண்ணைத் திறந்தாள். நாலு மாதமாக வராத அழுகை எப்சிக்கு முட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் இறக்கச் சொல்லவில்லை. முதலில் வலது, பிறகு இடது என்று வெள்ளத்தாயின் கைகள் மெல்ல இறங்கி மடிக்கு வந்தன.