காலை ஆறரை மணி அழைப்பு

காலை ஆறரைக்கு மகாலட்சுமியின் கைப்பேசி அடிக்கும். உடனே அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். புருஷன் தாயுமானவன் கூப்பிட்டால், "வரேங்க" என்ற குரல் மட்டும்தான் வரும்.

பார்வையில்லாதவர்களுக்கு உதவும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பக்கத்து வீட்டுப் பெண் அவளைச் சேர்த்துவிட்டிருந்தாள். பார்வையில்லாதவர்கள் வீடியோ காலில் வந்து, கண்ணுக்கு வேலையான எதையாவது கேட்பார்கள். மாத்திரை அட்டையில் என்ன பெயர், கரண்ட் பில்லில் என்ன தேதி, இப்படி. மகாலட்சுமிக்கு அமைந்தவர் ராமர். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு வாத்தியார். அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

அதெல்லாம் தாயுமானவனுக்கும் தெரியும். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை என்பதும் தெரியும். ஆனாலும் கே.கே. நகர் வீட்டின் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் அவர் காது சமையலறையிலேயே இருந்தது. "இந்தச் சட்டை மயில் கழுத்து நிறம் சார், காலர் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கு" என்பாள். தன் சட்டை என்ன நிறம் என்று அவள் சொல்லிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? தொழிற்சாலையில் வெல்டிங் சரிபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் ஆள் தேடி வந்த ஒரே போன் அவளுக்கு வந்ததுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. அவரே எடுத்தார். வீடியோவில் ஒரு கூரை மின்விசிறியும் பாதி நெற்றியும் தெரிந்தன. "அவங்களுக்கு இனிமே முடியாது சார். கூப்பிடாதீங்க" என்றார். "சரிங்க சார்" என்று ராமர் வைத்துவிட்டார். தாயுமானவன் அந்த அழைப்பு வந்த தடத்தைப் போனிலிருந்து அழித்தார்.

மறுநாள் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மகாலட்சுமி ஆறரைக்கு அடுப்பைக் குறைப்பாள், நிற்பாள், மறுபடி கூட்டுவாள். நான்காம் நாள் அவளே ராமரைக் கூப்பிட்டாள். தாயுமானவன் செய்தித்தாளைத் திருப்பாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பேசிவிட்டு வந்தவள், பக்கத்து வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்கிறாராம், அக்காவுக்கு எதற்குத் தினமும் சிரமம் என்று விட்டுவிட்டாராம் என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ராமர் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதில் தாயுமானவனுக்கு நிம்மதி வரவில்லை. அதிலும் அந்த ஆளே ஜெயித்துவிட்டதாகத்தான் பட்டது. ஒரு வாரம் அது அரித்தது. ஞாயிற்றுக்கிழமை, பேங்க் வேலை என்று உளறிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேங்க் ஏது என்று அவள் கேட்பதற்குள் வெளியே வந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்.

வடக்குச் சித்திரை வீதியில் விசாரித்து மாடியேறி, மகாலட்சுமியின் புருஷன் என்று சொன்னதும் ராமர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நாற்பது வயதிருக்கும். மேசைமேல் விடைத்தாள் கட்டு ஒன்று இருந்தது. படித்துக் காட்டுவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார், நாளைக்கு மார்க் கொடுக்க வேண்டும் என்றார். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வராமல், தாயுமானவன் முதல் தாளை எடுத்தார்.

ஐந்தாறு தாள் கடகடவென்று போயின. ஒரு தாளில் நின்றார். பிரெஞ்சுப் புரட்சி நடந்த வருஷத்தை ஒரு பெண் 1798 என்று எழுதியிருந்தாள்.

"தப்பு சார்" என்றார்.

"அடிச்சுத் திருத்தியிருக்காளா?"

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் தேடிய கண். "முதல்ல 1789-னு எழுதியிருக்கா. அப்புறம் கிறுக்கி அடிச்சிருக்கா. பேப்பரே கிழிஞ்சிருக்கு."

ராமர் முகத்தைத் திருப்பி ஒரு கணம் யோசித்தார். "அவளுக்குத் தெரியும். பயந்துட்டா. பாதி மார்க் போடுங்க. நாளைக்குக் கூப்பிட்டுப் பேசறேன்."

முப்பத்திரண்டு தாளும் முடிய ரெண்டு மணி நேரம் ஆயிற்று. எழுந்தபோது தாயுமானவனுக்குப் பசி தெரியவில்லை. இந்த நிறைவு தினமும் காலையில் மகாலட்சுமிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது என்று நினைத்ததும், பொறாமை வேறு பக்கமாக வந்து குத்தியது. அப்போதுதான் வாய் திறந்தார். அன்றைக்கு அப்படிச் சொன்னது தான்தான், அவளுக்கு எதுவுமே தெரியாது என்றார்.

"உங்க குரல்தான்னு வாசல்லயே தெரிஞ்சுது சார்" என்றார் ராமர். "நான் சொல்லியிருந்தா அக்கா மனசு கஷ்டப்பட்டிருக்கும். நீங்க சொல்லிடுங்க."

அன்று மாலையே சொன்னார். மகாலட்சுமி கத்தவில்லை. நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"முப்பத்தொரு வருஷத்துல எனக்குன்னு வெச்சுக்கிட்டது இது ஒண்ணுதாங்க. அதையும் உங்களைக் கேட்டுத்தான் வெச்சுக்கணுமா?"

மூன்று நாள் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னதன் பேரில் ராமரின் போன் மறுபடி வர ஆரம்பித்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அவர் கீழேயே இருந்தார்.

அரைப் பரீட்சை முடிந்த வாரத்தில் தாயுமானவனின் போன் அடித்தது. அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிங்க சார்" என்று ஆரம்பித்தார். பத்தாவது தாளில், கதவருகே மகாலட்சுமி நிற்பதைப் பார்த்தார்.

"யாரு, ராமர் சாரா?"

"ஆமா."

"என்னை இன்னிக்குக் கூப்பிடவே இல்லையே."

அவள் முகத்தில் வந்துபோனது என்னவென்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கணம் உள்ளுக்குள் இனித்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. சோபாவில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பையன் கையெழுத்து எனக்குப் புடிபடலை. நீ கொஞ்சம் பாரேன்."

அவள் உடனே வரவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, தன் கண்ணாடியோடு வந்தாள்.